தேவராஜ் அண்ணாவின் அந்த ஒரு தோட்டா

தேவராஜ் அண்ணா போய்விட்டார். நேற்று மதியம், தூக்கத்திலேயே... அவர் மகள் போன் செய்தாள்.

ஹைதராபாத் காஞ்சன்பாக்கில் இரண்டு பேருக்கும் ஒரே கம்பெனி. அவர் டூல் ரூம், நான் ஸ்டோர்ஸ். எண்பதுகளில் ஞாயிறானால் ரைபிள் கிளப்பிலும் படுத்துச் சுடப் பக்கத்துப் பக்கத்துப் பாய். ஆமாம், பொம்பளை நான்தான். சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம்.

ஆஸ்திரேலியாவுக்குக் குடிபோன ஓர் ஆங்கிலோ-இந்தியரிடம் அண்ணா ஒரு ரைபிள் வாங்கினார். அதற்குத் தோட்டா எந்தக் கடையிலும் கிடையாது. நாங்கள் சுட்டுப்போட்ட ஹார்னெட் ரகத் தோட்டாவின் காலிக் கூடுகளைப் பொறுக்கி, கழுத்தை நெருக்கிச் சிறிதாக்கி, மருந்தும் குண்டும் தானே அடைப்பார். இப்படிக் கடையில் இல்லாத, கையால் செய்த தோட்டாவை 'வைல்ட்கேட்' என்று பெருமையாகச் சொல்வார்.

மருந்து நிறுக்கும்போது வீட்டில் ஃபேன் போடக்கூடாது... ஹைதராபாத் மே மாதத்தில்!

"இந்த ஆளு தோட்டா செய்யிற அன்னிக்கு மூச்சு வுடறதுக்கே பர்மிஷன் வாங்கணும்" என்று அண்ணி வராண்டாவில் நின்று புலம்புவார்.

ஒரு ஞாயிறு ரேஞ்சில் திடீர் மழை. தார்ப்பாயில் கிடந்த தோட்டாக்களை எல்லோரும் அவசரமாக வாரிக்கொண்டு ஓடினோம். அண்ணா வீட்டில் போய் எண்ணினால் அவர் தோட்டாவில் ஒன்று குறைகிறது.

ஸ்கூட்டரில் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். முகம் வெளுத்திருந்தது.

"உன் தோட்டாப் பொட்டியக் கொட்டும்மா... அடியில முத்திரை ஹார்னெட்டுன்னுதான் இருக்கும், ஆனா இது அது இல்ல. யாராவது பாக்காம போட்டுச் சுட்டுட்டா இன்னா ஆவும்னு எனக்கே தெரியாது."

என்னிடம் இல்லை. பின்னால் ஏறிக்கொண்டேன். போவன்பள்ளி, சைனிக்புரி என்று அன்று வந்திருந்த எல்லோர் வீட்டுக்கும் போனோம். சைனிக்புரியில் ரிட்டயர்டு சுபேதார் ஒருவர், "கைக்கு இத்தா டர்ரே மியான்?" என்று சிரித்தார். எதற்கு இவ்வளவு பயமாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கிடைக்கவே இல்லை. போலீஸிலும் எழுதிக் கொடுத்தார்.

அடுத்த ஞாயிறு ரேஞ்சில் யார் சுட்டாலும் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். அதோடு ரைபிளையும் கொடுத்துவிட்டார்.

அதன் பிறகு ஒவ்வொரு திங்கட்கிழமை காலையும் ஸ்டோர்ஸ் ஜன்னலில் அவர் முகம். வீட்டில் போன் இணைப்பு வந்த பிறகு ஞாயிறு தவறாமல் போன்.

"இன்னாம்மா, எல்லாரும் நல்லாக் கீறீங்களா?"

அவ்வளவுதான். தோட்டாவைப் பற்றி ஒரு வார்த்தை வராது. சுபேதார் வீட்டுக்கும் இதே போன், இதே கேள்வி. சுபேதார் முதுமையில் காலமான பிறகும், நான் என் ரைபிளை விற்ற பிறகும்... போன வாரம் வரைக்கும். "உன் அட்டெண்டன்ஸ் வந்தாச்சு" என்று என் கணவர் போனை நீட்டுவார்.

இன்று காலை பழைய டிரங்குப் பெட்டி, பீரோ, தையல் டப்பா எல்லாவற்றையும் கொட்டிப் பார்த்துவிட்டேன். இல்லை. எங்கே இருக்கிறதோ... யார் கையில் இருக்கிறதோ...

நாங்க எல்லாரும் நல்லா இருக்கோம் அண்ணா. இதுவரைக்கும் யாருக்கும் ஒண்ணும் ஆகலை.

நிம்மதியாப் போயிட்டு வாங்க.