பதினான்கு கபிலக் குளிசைகள்

என்னைச் சும்மா இரு என்று சொன்ன யாரையும் நான் மன்னித்ததில்லை. இப்போதும் சாப்பாட்டுக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு நடந்து நடந்துதான் சாப்பிடுகிறேன். "உன்ர காலில சக்கரமே கட்டிக் கிடக்கு?" என்று அம்மா ஏசுவார். அந்தக் கால்கள்தான் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஆயிரத்தைந்நூறு மீற்றர் ஓட்டத்தில் என்னை மாகாணத்தின் முதல் ஆளாக்கின. இரண்டு வருடம் தொடர்ந்து வென்றேன். மூன்றாவது வருடம், முதலாவதாக வருகிறவருக்குப் பயண அனுமதிப் பாஸ் எடுத்து, வவுனியா தாண்டிக் கொழும்புப் போட்டிக்கு அனுப்புவதாகச் சொன்னார்கள். ஒரே ஒரு ஆள். அது நான்தான் என்று எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

வட்டக்கச்சியில் எங்கள் வயலை ஒட்டி இரணைமடு வாய்க்கால் போகிறது. அந்த வாய்க்கால் கட்டின் மேல்தான் விடிய எழும்பி வெறுங்காலோடு ஓடுவேன். தண்ணீர் கட்ட வருகிற ஆட்கள் மண்வெட்டியோடு ஒதுங்கி நின்று, "பிள்ளை, ஆர் துரத்துறாங்கள்?" என்று பகிடி விடுவார்கள். அம்மாவுக்கு அது வெட்கக்கேடு. "கண்டறியாத ஓட்டம்" என்று குசினிக்குள் நின்று முணுமுணுப்பார்.

எனக்குப் பின்னால் எப்போதும் இரண்டாவதாக வருகிறவள் மாங்குளத்துப் பெண். என்னைவிட ஒரு வயது குறைவு. அவளுடைய ஆட்கள் மலைநாட்டுத் தோட்டத்திலிருந்து கலவரத்துக்கு அஞ்சி வன்னிக்கு வந்தவர்கள். எங்கள் ஆட்கள் குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்து யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள். இரண்டு பகுதியும் வந்தேறியதுதான் என்பது அந்த நாளில் என் மண்டையில் ஏறவில்லை. நான் அவளை ஒரு பொருட்டாகவே எண்ணவில்லை.

அந்த வருடங்களில் வன்னியில் மலேரியா காணாதவர் யாரும் இல்லை. மூன்று நாள் வெள்ளைக் குளிசை, அதன் பிறகு காய்ச்சல் திரும்பாமலிருக்கப் பதினான்கு நாள் நாளுக்கொரு கபில நிறக் குளிசை. வெள்ளையிலேயே காய்ச்சல் விட்டுவிடும். அதற்குப் பிறகு யார் கபிலத்தை விழுங்குவது? வன்னிக்குள் பொருட்கள் வரவிடாத தடைக்காலம் அது. சவர்க்காரத் துண்டையும் பற்றரியையும் நெருப்புக்குச்சியையும் பொத்திப் பொத்தி வைத்த சனம் நாங்கள். காய்ச்சல் விட்ட மறுநாள் மிச்சக் குளிசை பால்மா வந்த ஒரு தகர ரின்னுக்குள் போய்விடும், அடுத்த முறைக்கு. எங்கள் ரின் அலுமாரிக்கு மேல் இருந்தது. அயலில் அப்படி ஒரு ரின் இல்லாத வீட்டை நான் காணவில்லை. எனக்கும் அது வசதி. கபிலக் குளிசை போட்டால் வயிற்றைப் பிரட்டும், ஓட முடியாது.

காய்ச்சல் மாதம் ஒரு தடவை திரும்பி வந்தது. மூன்று நாள் படுப்பேன், நான்காம் நாள் வாய்க்கால் கட்டில் நிற்பேன். ஒருநாள் கிளிநொச்சியில் ஒரு போட்டிக்குக் காத்திருந்தபோது அந்த மாங்குளத்துப் பெண் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கிட்ட வந்தாள்.

"அக்கா, மருந்த முழுசா குடிச்சீங்களா?"

"ஏன் கேக்கிறீர்?"

"கண்ணு மஞ்சளா இருக்கே. எங்கப்பா ஒரு குளிச விடமாட்டாரு. தோட்டத்துல டிஸ்பென்சரி ஐயா முன்னால முழுங்கிட்டு வாயத் தொறந்து காட்டணுமாம். அதே மாதிரி வீட்லயும் வாயத் தொறக்கச் சொல்லுவாரு."

"எங்களுக்கு ஆரும் வாயைத் திறந்து பாக்கத் தேவையில்லை" என்றேன். அவள் தன் இடத்துக்குத் திரும்பிப் போய்விட்டாள். அன்று எனக்கு உள்ளுக்குக் காய்ச்சல் காய்ந்தது. ஓடினேன், வென்றேன். வீடு வந்து சேரும்போது சைக்கிள் காரியரில் இருந்து விழுந்துவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் எனக்கு நினைவு இல்லை. கண் விழித்தபோது அம்மா தலைமாட்டில் இருந்தார். இரண்டு கட்டில் தள்ளி அந்த மாங்குளத்துப் பெண்ணும் கிடந்தாள், அவளுக்கும் மலேரியாதான். டொக்டர் என் இடது விலாவின் கீழ் அமத்திப் பார்த்தார்.

"மண்ணீரல் வீங்கிக் கிடக்கு. இப்ப ஓடி விழுந்தா உள்ளுக்கு வெடிச்சிடும். இந்தத் தரம் பதினாலு நாளும் குளிசை போடவேணும். இன்னொருக்காக் காய்ச்சல் திரும்பினா ஓட்டத்தைப் பற்றிக் கதைக்கவே வேண்டாம்."

கொழும்புக்கு ஆள் எடுக்கும் ஓட்டத்துக்கு மூன்று மாதம் இருந்தது.

வீட்டில் அம்மா தினமும் காலையில் ஒரு கடதாசிச் சுருளைப் பிரித்து ஒரு கபிலக் குளிசை தருவார். எங்கே கிடைத்தது என்று கேட்டேன். "ரின்னில இருந்ததுதான்" என்றார். பார்த்தீர்களா, சேர்த்து வைத்த கெட்டித்தனத்தை, என்று எனக்குப் பெருமையாக இருந்தது. வயிற்றைப் பிரட்டினாலும் பதினான்கையும் விழுங்கினேன்.

ஆனால் சும்மா இருப்பது இருக்கிறதே, அது காய்ச்சலைவிடக் கொடுமை. ஆறு கிழமை ஓடக்கூடாது. படுத்தால் கால் துடிக்கும். எழும்பி வீட்டைச் சுற்றி நடப்பேன், கிணற்றடிக்குப் போவேன், ஏன் போனேன் என்று தெரியாமல் திரும்புவேன். மூக்குக்கு மேல் கோபம். தலைமயிர் பிடிபிடியாகக் கொட்டியது. சீப்பை எடுத்து முற்றத்தில் எறிந்தேன். "உனக்கென்ன விசரே? கொஞ்சம் கிட பிள்ளை" என்று அம்மா கெஞ்சினார். அன்று இரண்டு பேரும் அழுதோம். மாங்குளத்தில் அவள் இப்போது ஓடிக்கொண்டிருப்பாள் என்ற நினைப்பு என்னை ஒரு இடத்தில் இருக்க விடவில்லை.

ஏழாம் கிழமை டொக்டர் மறுபடி விலாவை அமத்திப் பார்த்துவிட்டு ஓடலாம் என்று தலையை ஆட்டினார். அடுத்த நாளே வாய்க்கால் கட்டில் ஏறினேன். நூறு அடி ஓடியதும் கண் இருண்டு குந்திவிட்டேன். பள்ளிக்கூடம் போகிற சின்னப் பெட்டைகள் புத்தகப் பையோடு என்னைத் தாண்டிப் போனார்கள். அவமானத்தில் அழுகை வந்தது. மறுநாள் நூற்றைம்பது அடி. பிறகு ஒரு மதகிலிருந்து அடுத்த மதகு வரை. சத்தி எடுத்தேன், வாயைக் கழுவிவிட்டு மறுபடி ஓடினேன். போட்டிக்கு முதல் கிழமை பழைய ஓட்டத்தில் முக்கால்வாசி வந்தது. முழுதாக வரவில்லை என்பது எனக்கு மட்டும் தெரியும். காய்ச்சல் திரும்பவில்லை.

போட்டியன்று அம்மாவும் வந்திருந்தார், முதல் தடவையாக. முந்நூறு மீற்றர் வட்டம், சுண்ணாம்பு இல்லாததால் சாம்பலில் கோடு போட்டிருந்தார்கள். ஐந்து சுற்று. முதல் சுற்றிலேயே அவள் முன்னால் போய்விட்டாள். மூன்றாம் சுற்றில் எங்களுக்கு இடையில் பத்தடி. நான்காவதில் பதினைந்து. எனக்கு மூச்சு இல்லை. அவளைப் பிடிக்க முடியாது என்று விளங்கிவிட்டது. கொழும்பு போய்விட்டது என்று நினைத்துக்கொண்டே ஓடினேன்.

கடைசிச் சுற்றின் வளைவில் அவளுடைய கால் பின்னியது. சாம்பல் கோட்டைத் தாண்டி விலகிப் போய்க் குந்தினாள். கொதிக்கிற வெய்யிலில் இரண்டு கையாலும் தன்னைக் கட்டிக்கொண்டு நடுங்கினாள். அது என்ன நடுக்கம் என்று பார்த்த உடனே எனக்குத் தெரிந்தது. நான் நிற்கவில்லை. அவளைத் தாண்டும்போது எனக்குச் சந்தோசமாக இருந்தது. பொய் சொல்லி என்ன வரப்போகிறது, சந்தோசமாகத்தான் இருந்தது. முதலாவதாக வந்தேன்.

மாஸ்டர்மார் கை கொடுத்தார்கள். அம்மாவைத் தேடினால் ஆளைக் காணவில்லை. மைதானத்தின் மற்றப் பக்கம், பாலை மர நிழலில் அவளைக் கிடத்தி, யாரிடமோ வாங்கிய சாக்கைப் போர்த்தி, அதற்கு மேல் கையை வைத்து அமத்திக்கொண்டிருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"வென்டது நான். நீங்கள் இங்க என்ன செய்யிறியள்?"

அம்மா எழும்பி என்னைக் கொஞ்சம் அப்பால் கூட்டிக்கொண்டு போனார்.

"ரின்னைத் திறந்து பாத்தனான் பிள்ளை. மாரி ஈரத்தில எல்லாம் கரைஞ்சு களியாக் கிடந்தது. ஆஸ்பத்திரியிலயும் கபிலக் குளிசை முடிஞ்சுது. கடைசிப் பங்கு அந்தப் பிள்ளைக்குத்தான் கிடைச்சது. அவவுக்குக் காய்ச்சல் விட்டிருந்தது. நான் போய்க் கேட்டனான்."

"கேட்டவுடனே தந்தவளோ?"

"ஓம். தகப்பன் வரமுதல் கொண்டு போங்கோ, ஆஸ்பத்திரியில குளிசை இல்லையாம் எண்டு அவருக்குச் சொல்லுறன் எண்டு பதினாலையும் சுருட்டித் தந்தவள்."

அம்மாவில் கோபம் வந்தது, அவளில் கோபம் வந்தது, என்னில் வந்ததை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. திரும்பிப் போய் அவள் பக்கத்தில் இருந்தேன். பல் கிட்டிக்கொண்டு கிடந்தாள்.

"என்னத்துக்குக் குடுத்தனீர்? உமக்குத் தெரியுந்தானே, காய்ச்சல் திரும்பும் எண்டு."

அவள் கண்ணைத் திறக்காமல் சொன்னாள்: "உங்கள ஜெயிக்கணும்னா நீங்க ஓடணுமே அக்கா."

அவளை ட்ரக்டரில் ஏற்றும்வரை கையைப் பிடித்தபடி, வாழ்க்கையில் முதல் தடவையாக, அசையாமல் இருந்தேன்.

கொழும்பில் ஒன்பதாவதாக வந்தேன். திரும்பி வரும்போது அங்கே ஒரு மருந்துக்கடையில் வாங்கிய இரண்டு பங்கு கபிலக் குளிசையை, சோதனைச் சாவடியில் பறிபோகாதபடி உடுப்புக்குள் தைத்துக் கொண்டு வந்து மாங்குளத்தில் கொடுத்தேன். தகப்பன் என் முன்னாலேயே அவளை வாயைத் திறக்கச் சொன்னார்.

அடுத்த வருடம் அதே மைதானத்தில், நல்ல சுகத்தோடு இருந்த என்னை, நல்ல சுகத்தோடு இருந்த அவள் இரண்டு அடியால் தோற்கடித்தாள். எனக்குச் சரியான எரிச்சல் வந்தது. போய்க் கட்டிப்பிடித்துக்கொண்டு, எரிச்சல் தீரும்வரை அழுதேன்.