மேதாவி கொண்டுபோன பவளம்

என் அக்காவின் முன்னாள் கணவருக்கு நான் வைத்த பெயர் மேதாவி. எதைப் பற்றிப் பேசினாலும் அவருக்குத் தெரியும். அடுத்தவர் வாயைத் திறந்தால் பாதியிலேயே மறித்துத் தன் புராணத்தைத் தொடங்கிவிடுவார். அக்கா பல்செட் செய்யும் பட்டறையில் வேலை பார்க்கிறாள். பகலெல்லாம் மெழுகில் யார் யாருடைய பல்லையோ செதுக்கிவிட்டு, வீட்டுக்கு வந்து தன் பல்லைக் கடித்துக்கொண்டு குடும்பம் நடத்தினாள். பிரியும்போது அந்த மனுஷன் வீட்டிலிருந்த கடல்நீர்த் தொட்டியை அப்படியே தூக்கிக்கொண்டு போனார். அவள் வளர்த்த உயிருள்ள பவளம் அதில்தான் இருந்தது.

அது ஆரஞ்சு நிறப் பவளம். தொட்டியிலிருந்த மற்றப் பவளங்களுக்கு விளக்கு வெளிச்சமே பாதிச் சாப்பாடு. இதற்கு அந்தக் கதை ஆகாது. கொத்தாக இருக்கும் ஒவ்வொரு வாய்க்கும் இறாலை நசுக்கி, சொட்டுக்குழாயால் தனித்தனியாக ஊட்ட வேண்டும். கல்யாணமானதிலிருந்து ஊட்டியவள் அக்கா. விருந்தாளிகளைக் கூப்பிட்டுக் காட்டிப் பெருமையடித்தவர் மேதாவி. “அத மட்டும் விட்டுட்டுப் போங்க” என்று அவள் கெஞ்சாத கெஞ்சல் இல்லை. “தொட்டி என்னோடது, உள்ள இருக்கறதும் என்னோடது” என்றார் பாவி. பவளத்துக்கு அடியில் கிடந்த ஒரே ஒரு கல்லை மட்டும், செத்துப்போன கல் என்று வாளித் தண்ணீரில் விட்டுப் போனார்.

அக்கா சின்னதாக ஒரு தொட்டி வாங்கி, உப்புநீர் கலந்து, அந்தக் கல்லை உள்ளே வைத்தாள். பம்பு, விளக்கு, இறால் துணுக்கு, எல்லா உபசாரமும் அதற்கு நடந்தது. கல்லில் ஒட்டியிருந்த ஒரு நத்தைக்காகவாம்.

“உனக்கென்ன மரை கழண்டுடுச்சா? வெறும் கல்லுக்கா இவ்வளவு?” என்று கத்தினேன்.

சில மாதங்களில் அந்த வெறும் கல்லில் ஏதேதோ முளைத்தது. மேலே பழுப்பாக, கண்ணாடி போல, விரல்களை விரித்து ஆடும் ஒன்று. அடிப்பக்கம் காய்ந்த புண்ணின் பொருக்கு மாதிரி சில ஆரஞ்சுப் புள்ளிகள். “கொதிக்கற தண்ணிய ஊத்து, சனியன் ஒழியட்டும்” என்றேன். அக்கா பட்டறையிலிருந்து மெல்லிய கம்பி ஒன்றைக் கொண்டுவந்து முதலில் பழுப்பைத் தொட்டாள். கண் இமைப்பதற்குள் அது ஓட்டைக்குள் போய் மறைந்தது.

“இது பவளம் இல்லடி. அனிமோன், தொட்டிக்கு வர்ற களை. பக்கத்துல இருக்கற பவளத்தையெல்லாம் கொட்டியே கொன்னுடும்.”

பிறகு ஆரஞ்சுப் புள்ளியைத் தட்டினாள். கெட்டியாக இருந்தது. இறால் சாற்றை ஒரு சொட்டு விட்டுக் காத்திருந்தாள். புள்ளி மெதுவாக உப்பி, மஞ்சள் விரல்களை நீட்டியது.

“அடியில எலும்பு இருக்கு. என் பவளத்தோட குட்டிடி இது!” என்று என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

குட்டிகளைப் பெயர்த்து வேறு தொட்டிக்கு மாற்றினாள். அந்தச் சந்தோஷத்தில், தாயையும் கேட்டுவிடலாம் என்று மேதாவி வீட்டுக்குப் போனாள். கல்லில் உயிர் முளைத்திருக்கிறது என்று அங்கே உளறியும் வந்தாள். திரும்பியபோது முகத்தில் ரத்தமே இல்லை.

“பட்டினி போட்டிருக்கார்டி. முக்கால்வாசி வெறும் எலும்பு. ஊட்டணும்னு சொன்னா, வெளிச்சம் போதும், எனக்குத் தெரியாதாங்கறார்.”

அன்று அவள் அழவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையே மேதாவி வாளியோடு வந்து நின்றார். பழுப்பு ஆட்டத்தைப் பார்த்ததும் கண் விரிந்தது.

“அடேயப்பா, அபூர்வ வகை! இது என் கல்லு, எடுத்துட்டுப் போறேன்.”

“அது பவளம் இல்லங்க, அது வந்து...”

“எனக்குத் தெரியாதா? எனக்குக் கிடைக்கக் கூடாதுன்னு பொய் சொல்றே.”

அக்காவே கல்லை எடுத்து அவர் வாளியில் வைத்தாள். நான் சிரிப்பை அடக்க முடியாமல் சமையலறைக்கு ஓடினேன். அவர் போனபின்தான் உறைத்தது.

“அக்கா, உன் பவளமும் அங்கதானே இருக்கு?”

“அது எப்படியும் சாகப்போகுது. அந்தத் தொட்டியில ஒண்ணும் மிஞ்சக் கூடாது” என்றாள்.

கொஞ்ச நாளில் மேதாவியிடமிருந்து அக்காவுக்குப் போன் வந்தது. தொட்டியெங்கும் பழுப்பு முளைக்கிறதாம், மற்றதெல்லாம் சுருங்குகிறதாம். அந்தக் களையை அறுக்கவே கூடாது. விழுகிற துணுக்கெல்லாம் தனித்தனியாக முளைத்துவிடும். ஊசியால் மருந்து ஏற்றித்தான் கொல்ல வேண்டும். இதை அக்கா என்னிடம் சொல்லியிருந்தாள். அவரிடம், “கத்தியால வழிச்சு எடுங்க, நல்லா அழுத்தி” என்றாள். வாழ்க்கையில் முதல்முறையாக அவள் பேச்சை அவர் முழுசாகக் கேட்டு, அப்படியே செய்தார். நல்லா வேணும் என்று நான் குதித்தேன்.

கடைசியில் ஒரு சாயங்காலம், சவரம் செய்யாத முகத்தோடு வாசலில் நின்றார். வாளியில் அக்காவின் பவளம்.

“தொட்டியே போச்சு. இத மட்டுமாவது காப்பாத்து. உன் கைக்குத்தான் இது பிழைக்கும்.”

அக்கா வாளியை விளக்கடிக்குக் கொண்டுபோனாள். எலும்பு முழுக்கப் பழுப்பு மண்டியிருந்தது. நடுவில் ஒரே ஒரு ஆரஞ்சு வாய். கம்பியால் தொட்டாள். அது சுருங்கவில்லை. சதை பஞ்சாகப் பிரிந்து தண்ணீரில் போயிற்று.

“பிழைச்சிடுமா?” என்றார் வாசலிலிருந்து.

“பிழைச்சிடும். ஆனா உங்களுக்குக் கிடைக்காது” என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள்.

அந்த எலும்பை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். புடவையெல்லாம் உப்புநீர். பட்டினி போட்டவர் அவர், களையை அனுப்பியவள் இவள். யாரைத் திட்டுவது என்று தெரியாமல் நானும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன்.

“செத்துப்போச்சுன்னு சொல்லியிருக்கலாமேக்கா. எதுக்குப் பொய்?”

“செத்துடுச்சுன்னு சொன்னா, நாளைக்கே மறந்துடுவார்டி” என்றாள் அக்கா.