மிச்சப் பருத்திக்கொட்டை

என் வீட்டிலிருந்து எதுவும் குப்பைக்குப் போகாது என்று ஒரு காலத்தில் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ராஜபாளையத்தில் காம்பவுண்டு வீடு. பாத்திரத்துக்குச் சாம்பலும் தேங்காய் நாரும், தலைக்கு நானே இடித்த சீயக்காய், கடைக்குப் போக நானே தைத்த துணிப்பை. அரிசி கழுவிய தண்ணீர் கறிவேப்பிலைச் செடிக்கு, காய்த் தோல் ஐந்து கோழிகளுக்கு. பக்கத்து வீட்டுக்காரி சீயக்காய்ப் பொட்டலம் வாங்கி வந்தால், "ஏட்டி, உனக்குக் கை இல்லையா?" என்று கேட்டுவிடுவேன். அம்புட்டுத் திமிர் எனக்கு.

தொண்ணூறுகளின் தொடக்கம். கொழுந்தனார் தேவதானத்தில் பருத்தி போட்டிருந்தார். விதைத்தது போக மிஞ்சிய கொட்டையைப் பையோடு கொண்டுவந்தார். "வீட்டுக்குப் பின்னால நாலு ஊனி வைங்க மதினி, விளக்குத் திரிக்காவது ஆகும். ஊனிட்டுக் கையை நல்லாக் கழுவிருங்க" என்றார். என்னமோ நான் கை கழுவத் தெரியாதவள் மாதிரி! சுருக்கென்று கோபம் வந்தது. எதற்குக் கழுவ வேண்டும் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நாலு குழியில் ஊன்றிவிட்டு, மிச்சத்தைத் தகர டின்னில் கொட்டி, பூச்சி விழாமலிருக்க வசம்பு போட்டு மூடினேன். பையோ நல்ல கனத்த துணி. விடுவேனா? அதில் சிவப்பு மையில் ஒரு மண்டையோடும் இரண்டு எலும்பும், அடியில் பொடி எழுத்தில் இங்கிலீஷும் இருந்தன. பார்த்தேன். பார்க்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். வயலில் அடிக்கிற மருந்துக்குத்தான் அந்தப் படம், கொட்டைக்கு என்ன வந்தது என்று நினைத்தேன். ஆனால் மண்டையோட்டைத் தூக்கிக்கொண்டா காய்கறி வாங்கப் போவது? மூன்று தண்ணீரில் அலசி, படம் உள்பக்கம் போகும்படி திருப்பி, காது வைத்துத் தைத்து ஆணியில் மாட்டினேன்.

அந்த டின்னை ஒரு எறும்பு அண்டவில்லை. ஒருநாள் மூடி விலகிக் கிடந்தது. அரிசி மூட்டையையே கிழிக்கிற எங்கள் வீட்டு எலி, அதில் வாய் வைக்கவில்லை. "பாத்தியளா என் வசம்பை!" என்று வீட்டுக்காரரிடம் பீற்றிக்கொண்டேன்.

மார்கழியில் மகளுக்குச் சளி பிடித்தது. ஆறு வயது. காலையில் தெருவில் பருத்திப்பால் வண்டி போனால் என் சேலையைப் பிடித்து இழுப்பாள்.

"வாங்கித் தாம்மா."

"அவன் எந்தத் தண்ணியில காய்ச்சுதானோ! நம்ம வீட்லயே கொட்டை கெடக்கு. நான் செஞ்சு தாரேன்."

ஊறவைத்த கொட்டையை மறுநாள் காலையில் கழுவியபோது தண்ணீர் சிவப்பாக இறங்கியது. பையின் சாயம் ஒட்டியிருக்கிறது என்று நாலைந்து தரம் கழுவினேன். ஆட்டிப் பால் பிழிந்து, சக்கையைக் கோழிகளுக்குப் போட்டேன். அரிசி மாவும் கருப்பட்டியும் கரைத்துக் காய்ச்சும்போது என்னவோ ஒரு வாடை. இன்னும் கொஞ்சம் சுக்கைத் தட்டிப் போட்டேன்.

வீட்டுக்காரர் அதற்குள் மில்லுக்குப் போயிருந்தார். மகள் ஒரு வாய் குடித்துவிட்டு, "ஒரு மாதிரி இருக்கும்மா" என்றாள்.

"கடையில வாங்கிக் குடுத்தா மட்டும் இனிக்குமாக்கும்! மூக்கைப் பிடிச்சுக்கிட்டுக் குடி."

அரை டம்ளர் குடித்தாள். நான்தான் குடிக்க வைத்தேன்.

பின்னால் போனால், ஒரு கோழி கழுத்தைத் தொங்கப் போட்டுச் சுற்றிச் சுற்றி வருகிறது. இரண்டு கோழிகள் சக்கைக்குப் பக்கத்திலேயே விழுந்து கிடந்தன. சீக்கு வந்துவிட்டதோ என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு சக்கையைப் பார்த்தேன். உள்ளே ஓடினேன். மகள் வாயிலிருந்து எச்சில் வழிந்து பாவாடை நனைந்திருந்தது. மார்கழிக் குளிரில் அவளுக்கு வேர்த்துக் கொட்டியது.

நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக்காரி ஓடி வந்து பிள்ளையை இடுப்பில் அள்ளிக்கொண்டாள். நான் ஆணியில் தொங்கிய பையில் மாற்றுப் பாவாடையையும் துண்டையும் திணித்துக்கொண்டு பின்னால் ஓடினேன். ஆட்டோவில் ஏறும்போதே பிள்ளைக்கு மூச்சு இழுத்தது.

ஆஸ்பத்திரியில், விதைக்கு வந்த கொட்டையில் பால் காய்ச்சிக் கொடுத்ததைச் சொன்னதும் டாக்டர் கேட்டார்: "விதையில என்ன மருந்து தடவியிருந்துச்சு? பேரு தெரியுமா?"

மருந்து தடவின விதையா! கை கழுவச் சொன்னது அப்போதுதான் உறைத்தது. மடியில் இருந்த பையைத் தலைகீழாகக் கவிழ்த்தேன். பாவாடையும் துண்டும் தரையில் விழுந்தன. பையைத் திருப்பி அவரிடம் நீட்டினேன். மூன்று தண்ணீரில் அலசியும் அந்தச் சிவப்பு போகவே இல்லை. டாக்டர் பொடி எழுத்தைப் படித்தார், என்னை ஒரு பார்வை பார்த்தார், நர்சிடம் ஊசி மருந்தின் பெயரைச் சொன்னார்.

பிழைத்தாள். மூன்றாம் நாள் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, சாதாரணமாகத்தான் கேட்டாள்: "நீ ஏம்மா குடிக்கல?"

எல்லாருக்கும் கொடுத்துவிட்டு, மிஞ்சியதைக் கடைசியில் குடிப்பவள் நான். அதைப் பெரிய குணம் என்று சொந்தக்காரர்கள் எல்லாம் மெச்சுவார்கள். இதை அந்தப் பிள்ளையிடம் எந்த வாயால் சொல்வது? அழுதேன்.

இப்போது அவளுக்கே ஒரு பிள்ளை இருக்கிறது. பேரனுக்கு நான் எதைக் கலக்கிக் கொண்டுபோனாலும் மகள் சிரித்துக்கொண்டே டம்ளரை என் பக்கம் திருப்புவாள்.

"மொதல்ல நீ ஒரு வாய் குடிம்மா."

குடித்துக் காட்டுகிறேன். செத்த நேரம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பொறவுதான் பிள்ளைக்குக் கொடுக்கிறாள்.