வட துருவத்தில் எட்டு மணி நேரம்

உலக மக்களுக்கு ஒரு முக்கிய அறிவிப்பு: வட துருவத்துப் பக்கம், லாங்கியர்பியனிலிருந்து ட்ரோம்சோவுக்கு விமானத்தில் எட்டு மணி நேரம் ஆகும். கண்டுபிடித்தவன் அடியேன். முகம் மாறாமல் எதையும் சொல்வதில் இந்த ஏரியாவில் என்னை அடிக்க ஆளில்லை.

எண்ணூர் பஸ்ஸில் எதிர்வீட்டு நசீமா அக்காதான் கேட்டார். அவர் கணவர் கப்பலில் சமையல்காரர். நெஞ்சுவலி வந்து லாங்கியர்பியனில் இறக்கி, ட்ரோம்சோ ஆஸ்பத்திரிக்கு விமானத்தில் அனுப்பியிருக்கிறார்கள்.

"ரெண்டு மணிக்கே ஏத்திட்டாங்களாம்டா. இன்னும் போன் வர்ல. எம்மா நேரம் ஆவும், பாத்து சொல்லேன்."

அப்போது மணி ஆறு. போனில் தேடிப் பார்த்தேன்.

"எட்டு மணி நேரம்க்கா."

"அம்மாந் தூரமா?"

"தூரம் கம்மிதான். மேல ஒரே பனி. நம்ம ரோட்ல கண்டெய்னர் லாரி நிக்கிற மாரி பிளேனுங்க லைன்ல நின்னுகினு இருக்கும்."

ஜன்னலுக்கு வெளியே லாரிகள் அசையாமல் நின்றன. அக்கா நம்பிவிட்டார்.

"அப்போ இன்னும் வானத்துலதான் கீறாரு" என்று சிரித்து, கண்ணை மூடிக்கொண்டார்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். போன் காட்டியது இரண்டு மணி நேரத்துக்கும் குறைவு; நாலு மணிக்கே இறங்கியிருக்க வேண்டும். அதன் பிறகு பஸ்ஸில் யார் போன் அடித்தாலும் எனக்குத்தான் தூக்கிவாரிப்போட்டது.

என் எட்டு மணி நேரம் பத்து மணிக்கு முடிகிறது. அதற்குள் யாராவது எனக்கு இன்னொரு பொய் சொல்லிக்கொடுங்கள்.