கண்ணாடியில் ஒட்டிய சட்டம்

அந்த மாலைக் கல்லூரியில் படிப்புக்கு உதவித்தொகை வாங்கித் தரும் கவுன்டருக்கு ஒரே ஜன்னல். ஜன்னலுக்குப் பின்னால் ஒரே நாற்காலி. அதில் உட்கார்ந்திருப்பவளை எல்லோரும் ‘நாளைக்கு வாங்க’ அக்கா என்றுதான் சொல்வார்கள், முதுகுக்குப் பின்னால். பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் பத்திரமாக இருந்தது.

மலையைப் புரட்டுகிற வேலை ஒன்றும் இல்லை. வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர்களுக்கு அவர்களுடைய முதலாளி பாதிக் கட்டணம் கொடுப்பார். அதற்குக் கல்லூரியின் முத்திரை வேண்டும். வசதியில்லாத மாணவர்களுக்குக் கட்டணச் சலுகை உண்டு. ராணுவத்தில் ஓய்வு பெற்றவர்களுக்கு அரசாங்கமே கட்டிவிடும். விண்ணப்பத்தை வாங்கி, சரிபார்த்து, முத்திரை குத்தி மேலே அனுப்பினால் போதும். ஆனால் இவ்வளவு சுலபமாக முடித்துக் கொடுத்தால் நாற்காலிக்கு என்ன மரியாதை?

அதனால் அக்கா கண்ணாடியில் ஒரு தாளை எழுதி ஒட்டினாள். முத்து முத்தான கையெழுத்து. ‘புகைப்படத்தில் சிரிக்கக் கூடாது.’ அந்த வருஷம் பாதிக் கூட்டம் திரும்பிப் போனது. டீயைச் சூடாகக் குடிக்க முடிந்தது. ருசி கண்டுவிட்டாள். அடுத்த வருஷம், ‘நீல மை செல்லாது.’ அதற்கடுத்து, ‘மணமானவர்கள் கணவன் அல்லது மனைவியின் சம்மதக் கடிதம் இணைக்க வேண்டும்.’ கல்லூரியின் விதிப்புத்தகத்தில் இதில் ஒரு வரிகூடக் கிடையாது. மேனேஜர் ஒரு தடவை நின்று படித்தார். நாம்தான் எப்போதோ கையெழுத்துப் போட்டிருப்போம் போலிருக்கிறது என்று நினைத்து, தலையாட்டிவிட்டுப் போனார். நிர்வாகம் என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும்!

இப்பேர்ப்பட்ட அக்காவுக்கும் ஓர் ஆசை இருந்தது. கல்யாணத்தோடு பாதியில் நின்றுபோன கணக்கியல் பட்டம். மகனின் பழைய பாடப்புத்தகத்தைச் சமையல் மேடையில் சாய்த்துவைத்து, வெங்காயம் நறுக்கிக்கொண்டே படிப்பாள். ஊழியர்கள் படித்தால் கல்லூரி முழுக் கட்டணத்தையும் தள்ளுபடி செய்யும், ஐம்பது வயதுக்குள் சேர்ந்தால். அக்காவுக்கு அடுத்த மாதம் ஐம்பது. இந்த வருஷத்தை விட்டால் பட்டத்தை மறந்துவிட வேண்டியதுதான். ஆனாலும் முத்திரை நம் மேஜையில்தானே இருக்கிறது என்று கடைசி நாள்வரை அசட்டையாக இருந்துவிட்டாள்.

கடைசி நாள் காலையில் மேனேஜர் கூப்பிட்டார். “உங்க விண்ணப்பத்துக்கு நீங்களே முத்திரை குத்தினா நாலு பேர் என்னம்மா சொல்லுவாங்க? நீங்க வரிசையில நில்லுங்க. இன்னைக்குக் கேட்ல இருக்கிற பட்டாளத்துக்காரர் உங்க சீட்ல உட்காரட்டும்.”

பட்டாளத்துக்காரர் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று, வாசலில் காவல் பார்த்துக்கொண்டே அங்கேயே படிப்பவர். புகைப்படத்தில் லேசாகப் பல் தெரிந்த குற்றத்துக்காக அக்காவால் திருப்பி அனுப்பப்பட்டவர். அதற்காக அவருக்குக் கோபமெல்லாம் இல்லை. எழுதியிருந்தால் கட்டளை, கட்டளையென்றால் செய்ய வேண்டும்; எதற்கு என்று கேட்டுப் பழக்கமில்லை.

ஜன்னலின் வெளிப்பக்கத்தில் ஃபேன் காற்று வராது என்பது அக்காவுக்கு அன்றுதான் தெரிந்தது. வேர்த்துப்போய் விண்ணப்பத்தை நீட்டினாள்.

“அக்கா, வீட்டுக்காரரோட சம்மதக் கடிதம்?”

“அது எதுக்குங்க?”

அவர் பேனாவால் கண்ணாடியைத் தட்டினார். “இதோ போட்டிருக்கே.”

“அவரு லாரியில லோடு ஏத்திட்டுப் போயிருக்காரு. நாளன்னைக்குத்தான் வருவாரு. என்னைத் தெரியாதா உங்களுக்கு?”

“உங்களைத் தெரியுதுக்கா. கடிதத்தைத்தான் காணோம். எடுத்துக்கிட்டு நாளைக்கு வாங்க.”

“நாளைக்கு ஏதுங்க? இன்னைக்குத்தானே கடைசி நாள்!”

வரிசையே சிரித்தது. அக்காவுக்குக் காது சூடேறியது. வாயைத் திறந்தால் மானம் போகும். மூடிக்கொண்டிருந்தால் படிப்பு போகும்.

“அது சட்டமே இல்லீங்க. நானா எழுதி ஒட்டினது.”

“எந்த வரிக்கா?”

“எல்லாமே.”

சிரிப்பு நின்றுவிட்டது. அக்காவுக்கு நேர் பின்னால், ஆஸ்பத்திரியில் நோயாளிகளைக் குளிப்பாட்டும் ஆயா நின்றிருந்தாள்.

“அப்போ போன வருஷம்? வீட்டுக்காரர் விட்டுட்டுப் போயிட்டாருன்னு இதே ஜன்னல்ல நின்னு அழுதேனே. ஆஸ்பத்திரியில பணம் தரத் தயாரா இருந்தாங்க. கையெழுத்து இல்லாம ஆகவே ஆகாதுன்னீங்களே அக்கா?”

அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. அவ்வளவு வெட்கம் அவள் வாழ்நாளில் பட்டதில்லை. நியாயமாக அது பல வருஷம் முன்பே வந்திருக்க வேண்டிய வெட்கம்.

பட்டாளத்துக்காரர் அசையவில்லை. “எழுத்துல குடுங்க.”

தாளின் அடியில், அதே முத்து முத்தான கையெழுத்தில் அக்கா எழுதினாள்: ‘மேலே உள்ள எதுவும் தேவையில்லை.’ அவர் நிதானமாகப் படித்துவிட்டு முத்திரையை எடுத்தார். அக்காவுக்குக் குத்தினார், ஆயாவுக்குக் குத்தினார், நீல மைக்கும் சிரித்த முகங்களுக்கும் குத்தினார். சாயங்காலம் மேனேஜர் வந்து புது வரியையும் படித்தார். அதற்கும் தலையாட்டினார்.

வகுப்பு தொடங்கியது. ஆயாவுக்கும் அக்காவுக்கும் ஒரே பெஞ்ச். முதல் வாரத்திலேயே கவுன்டர் வேலை இழுத்துக்கொண்டதில் அக்காவுக்கு ஒரு வகுப்பு தவறிப்போனது.

“நேத்து நடத்தின நோட்ஸைக் கொஞ்சம் குடேன்மா. பார்த்து எழுதிட்டு இப்பவே தந்துடுறேன்.”

ஆயா நோட்டைப் பைக்குள் வைத்தாள். ஜிப்பை இழுத்து மூடினாள்.

“நாளைக்கு வாங்கக்கா.”