இரண்டாவது பிராசஸரும் அந்த ஒரு மணி நேரமும்

சகுந்தலா போய்விட்டார் என்று அவருடைய தங்கை போனில் சொன்னபோது எனக்கு முதலில் வந்தது அழுகை அல்ல, பயம். எங்கள் இருவருக்கு மட்டும் தெரிந்த ஒன்று இனி என்னிடம் மட்டும்தான் இருக்கிறது.

அவரோடு வேலை செய்த உங்களுக்கு அவருடைய "ஹௌதா?" நினைவிருக்கும். கன்னடம் பேசும் ஊரில், நீலசந்திராவில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். ஆனாலும் யாராவது "பார்த்தாச்சு" என்றால், அப்படியா என்பதைக் கன்னடத்தில்தான் கேட்பார். கேட்டதும் நமக்கே நம் மேல் சந்தேகம் வந்துவிடும்.

தொண்ணூறுகளின் கடைசியில் ஓர் ஆயுத பூஜை. ஒரு மருத்துவமனையின் ரத்த வங்கி கம்ப்யூட்டரைப் பூஜைக்காக எப்படியும் நிறுத்துவார்கள், அந்த நேரத்தில் இரண்டாவது பிராசஸரைப் பொருத்திவிடலாம் என்று அவரும் நானும் போனோம். பொருத்தியது நான். அதற்கேற்ற புதுக் கர்னலை, அதாவது மெஷினை இயக்கும் அடிப்படை மென்பொருளை, ஏற்றியதும் நான். மெஷின் பாதி வரை எழுந்து அப்படியே நின்றுவிட்டது. எந்த விசையைத் தட்டினாலும் அசையவில்லை.

அப்போது நர்ஸ் ஓடி வந்தார். பிரசவித்த பெண் ஒருவருக்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை, ஓ நெகட்டிவ் கையிருப்பு தீர்ந்துவிட்டது. ரத்தம் கொடுப்பவர்களின் போன் நம்பர்கள் எல்லாம் அந்த மெஷினுக்குள் இருந்தன.

"பழைய கர்னல் போட்டுப் பாத்தியா முரளி?"

"பாத்தேன் மேடம். அதுவும் ஹேங் ஆகுது."

"ஹௌதா?"

"ஆமா."

பொய். நகல்கூட எடுக்காமல் பழையதன் மேலேயே புதியதை எழுதி அழித்திருந்தேன். சொன்னால் வேலை போய்விடும் என்று பயந்தேன்.

பழையதும் நிற்கிறது என்றால் கோளாறு ஹார்டுவேரில்தான் என்று என்னை நம்பிப் பெட்டியைத் திறந்தார். மெமரி அட்டைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினார். பூஜைக் குங்குமம் உள்ளே விழுந்திருக்குமோ என்று ரத்த வங்கி மேலாளர் கேட்டார். "குங்குமத்து மேல பழி போடாதீங்க சார், பாவம்" என்றார் சகுந்தலா. கண்ணாடிக் கதவுக்கு வெளியே அந்தப் பெண்ணின் கணவர் நின்று எங்கள் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு மணி நேரம் போயிற்று.

"மேடம், நான் பாக்கல. பழைய கர்னலே இல்ல."

அவர் திட்டவில்லை. திரையின் கடைசி வரியைப் படித்தார். இரண்டாவது பிராசஸரை எழுப்பும் இடம் அது. மெஷினை மறுபடி போட்டு, ஒரே பிராசஸரில் ஓடு என்று தொடக்கத்திலேயே ஒரு சொல் தட்டினார். எழுந்துவிட்டது. ஓ நெகட்டிவ் பட்டியலில் மூன்றாவதாக இருந்தவர் ஈஜிபுராவிலிருந்து ஆட்டோ பிடித்து வந்தார். அந்தப் பெண் பிழைத்தார்.

"பயமா இருந்தா பயமா இருக்குன்னு சொல்லு. பாத்தேன்னு சொல்லாத" என்றார் திரும்பும் வழியில். அறிக்கையிலோ, ஹார்டுவேர் என்று தான் தவறாக எண்ணியதால் ஒரு மணி நேரம் வீணானது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அதன்பின் எத்தனை வருடம், "மெமரியைக் கழட்டிப் பாக்கலாமா மேடம்?" என்று அவரைக் கேலி செய்தீர்கள். அவரும் சிரித்தார். நானும் உங்களோடு சேர்ந்து சிரித்தேன்.

அந்த ஒரு மணி நேரம் அவருடையது அல்ல, என்னுடையது. அவரிடமிருந்து நான் வைத்திருப்பது "ஹௌதா?" என்ற அந்த ஒரு கேள்வியைத்தான். இப்போது நீங்கள் அதை என்னிடம் கேட்கலாம்.

ஆமாம். இந்த முறை உண்மை.