ஆறாம் விரலும் பட்டுநூலும்

எஸ்தர்ராணி கால்களை நீட்டி உட்கார்ந்து, குழந்தையைக் காலில் கிடத்தி வெந்நீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். கழுத்து மடிப்பு, அக்குள், தொடை இடுக்கு என்று கை தானாகவே போயிற்று. இடது கைக்கு வந்ததும் நிதானித்தாள். சுண்டுவிரலுக்கு வெளியே இன்னொரு விரல், எலும்பில்லாமல், காம்பில் தொங்கும் சுண்டைக்காய்போல ஆடியது.

மிஷன் ஆஸ்பத்திரியில் படித்து, கடம்பூரைச் சுற்றிய கரிசல் ஊர்களில் பிரசவம் பார்க்கிறவள் அவள். இளவயதில் புருஷனை இழந்தவள். அதற்காக யாரும் உச்சுக்கொட்டினால் பிடிக்காது. பிள்ளை பிறந்த வீட்டில் முதலில் தண்ணீரைச் சந்தேகப்படுவாள், அப்புறம் துணியை, அப்புறம் மனுஷரை. 1958 மாசியில், மாடக்கண்ணு வீட்டில், மனுஷரைத்தான் சந்தேகப்பட வேண்டியிருந்தது.

மாடக்கண்ணுவின் தாய் வெயிலுகந்தம்மாள் வாசலை மறித்து நின்றாள்.

"மூத்தவளுக்கு அஞ்சு வெரல். எம் மகனுக்கும் அஞ்சு. இவனுக்கு மட்டும் ஆறு எங்கன இருந்து வந்துச்சு? பருத்தி வண்டிக்காரன் சீனிக்கு ஆறு வெரல்னு ஊருக்கே தெரியும்."

உள்ளே மருமகள் அழகுத்தாய் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். விடிந்ததும் அவளையும் பிள்ளையையும் ஓட்டப்பிடாரத்தில் தகப்பன் வீட்டில் விட்டுவிடப் பேச்சு. மூத்த மகளை அனுப்பமாட்டார்களாம்.

எஸ்தர்ராணி உள்ளே போய் அழகுத்தாயிடம் நேராகவே கேட்டாள். "சீனிக்கும் உனக்கும் என்ன?"

"தண்ணி கேட்டா குடுப்பேன். வேற என்ன?"

பதிலில் நடுக்கம் இல்லை, கோபம் இருந்தது. அது போதும் என்று வெளியே வந்தாள்.

"இது கருவுலயே உண்டாகுற மாறுதல். சில குடும்பத்துல தலைமுறையா வரும். சில நேரம் யாருக்குமே இல்லாம புதுசாவும் வரும். உங்க புஞ்சையில மஞ்சப்பூ பருத்திக்கு நடுவுல ஒரு செடி வெள்ளையாப் பூக்குதில்ல?"

"அது கலப்பு வெதை நர்சம்மா! அதத்தானே நானும் சொல்லுதேன்."

வேலிக்கு அந்தப்பக்கம் நின்ற பெண்கள் சிரித்தார்கள்.

மாடக்கண்ணு தலைகுனிந்தபடி வெந்நீர்ப் பானையை இறக்கி வைத்தான். அவன் இடது உள்ளங்கையின் ஓரத்தில், சுண்டுவிரலுக்குக் கீழே, அரிசி அளவுக்கு ஒரு முண்டு.

"இது என்னய்யா?"

"மருவு. சின்னதுலருந்தே இருக்குன்னு அம்மா சொல்லும்."

கையைப் பிடித்துத் தடவிப் பார்த்தாள். மரு சொரசொரக்கும், இது வழுவழுவென்றிருந்தது. ஆஸ்பத்திரியில் இப்படித் தொங்கும் விரல்களைப் பட்டுநூலால் கட்டிவிடுவார்கள். விரல் கருகி உதிரும். மிஞ்சுவது இந்த முண்டுதான்.

நிமிர்ந்தாள். வெயிலுகந்தம்மாளைக் காணோம். மாட்டுத்தொழுவில், இல்லாத சாணியை அள்ளிக்கொண்டு நின்றாள்.

"மாடக்கண்ணு வெரலக் கட்டிவிட்டது யாரு?"

வெயிலுகந்தம்மாள் கையை முந்தானையில் துடைத்தாள்.

"என்னைய பெத்த அய்யாவுக்கு ஆறு வெரல். எங் கல்யாணத்துக்கு முன்னயே செத்துப்போனாவ, இங்க யாரும் பாத்ததில்ல. எம் மாமியா கண்ணுல படுமுன்ன மருத்துவச்சி குதிரைமயிரால கட்டிட்டா. பட்டிருந்தா என்னைய அன்னைக்கே வெரட்டியிருப்பாவ."

"அதுக்கு இவள வெரட்டுதீங்களோ?"

"எளைய மகளுக்கு இப்பத்தான் சம்பந்தம் பேசுதோம். எங்க வழியிலதான் கொறைன்னு தெரிஞ்சா எவன் கட்டுவான்?"

"காலையில வாரேன். அதுக்குள்ள மகன்ட்ட சொல்லிருங்க. இல்லன்னா அந்த வேலிப் பொம்பளைங்களுக்கு முன்னால நான் சொல்லுவேன்."

மறுநாள் காலை எஸ்தர்ராணி போனபோது, பூட்டிய வண்டியிலிருந்து மாட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தான் மாடக்கண்ணு. யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. வெயிலுகந்தம்மாள் பட்டுநூலை நீட்டினாள்.

"சொல்லிட்டேன். இதயும் கட்டிவிட்டுருங்க நர்சம்மா. இத்தோட போகட்டும்."

அழகுத்தாய் குழந்தையின் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"வேண்டாம். நாளைக்கு இவனுக்கு ஒரு பிள்ள பொறந்து அதுக்கும் ஆறு வெரல் இருந்தா, இவன் பொஞ்சாதி எதக் காட்டுவா? வெரல் இருக்கட்டும்."

உடம்புக்கு அதனால் கெடுதலில்லை. "துணியில மாட்டாமப் பாத்துக்கோ," என்று சொல்லி எஸ்தர்ராணி நூலைத் தன் பையில் போட்டாள். கால்களை நீட்டி உட்கார்ந்து வெந்நீர் கேட்டாள். வெயிலுகந்தம்மாள்தான் கொண்டுவந்து ஊற்றினாள்.